ஐஸ் பெட்டியில் நான்கு பாட்டில்

அன்று மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் ஜனகா. அடுப்பைப் பார்க்க எழுந்து போக வசதி என்று எப்போதும் அங்கேதான் உட்காருவார். அவருக்கு இடப்பக்கம் அவருடைய கணவர் ரஞ்சன், காலடியில் மீன் வாங்கி வந்த வெள்ளை ஐஸ் பெட்டியோடு. எதிர் வரிசையில் ஜன்னலோரம் வழக்கறிஞர் நிரஞ்சனி. அவருக்குப் பக்கத்தில், காற்றாடிக்கு நேர் கீழே, கிள்ளானில் பல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கமலநாதன். மேசையின் தலைப்பக்கம், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் நான். மொத்தம் எட்டு நாற்காலி. மீதி மூன்றில் ஒன்றில் நிரஞ்சனியின் கைப்பை, ஒன்றில் என்னுடைய பை, ஒன்று காலி.

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மலேசியத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. அந்த எட்டு நாற்காலிதான் ஜனகாவின் கடை. இரவுக்கு ஒரே பந்தி, போனில் சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல் என்று யாழ்ப்பாணச் சமையல். ஞாயிறு விடுமுறை.

நான் கிள்ளான் பக்கத்து மேருவில் ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியின் ஸ்டோரில் பத்திரங்கள் பார்க்கிற கிளார்க். பதினான்கு வருடமாக எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் கடைக்குப் போனது, எது திரும்பி வந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. ஒயின் குடிக்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் தாள்களில் ஆயிரம் ஒயினைப் படித்திருக்கிறேன்.

ஜனகாவுக்கு மதுபான லைசன்ஸ் மே மாதம் கிடைத்தது. வருகிறவர்கள் பிரெஞ்சு வெள்ளை ஒயின் கேட்டார்கள். "பாட்டில் எண்பது வெள்ளிக்கு மேல போகக் கூடாதுண்ணே. நண்டை விட ஒயின் விலை கூடன்னா அது சாப்பாட்டுக் கடை இல்ல" என்றார் என்னிடம். வரி கட்டி மலேசியாவுக்குள் வரும் பிரெஞ்சு ஒயினில் எண்பது வெள்ளிக்குள், அதாவது எண்பது ரிங்கிட்டுக்குள், நல்லது தேடுவது எளிதல்ல. பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழாகப் பார்த்து நான்கைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நான்கையும் ருசி பார்த்து, எந்த ஒயின் எந்தக் கறிக்கு என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். நிரஞ்சனியும் டாக்டரும் முதல் நாளிலிருந்தே வருகிற வாடிக்கையாளர்கள். வாய் ருசிக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டவர்கள்.

அந்த இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜூன் மாதம் வந்த காய்ச்சலில் ஜனகாவுக்கு முகரும் சக்தி போய்விட்டது. புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு நாக்குக்குத் தெரியும். மணம் என்று எதுவும் இல்லை. மூக்கு டாக்டர் ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள், சூடம் நான்கையும் வரிசையாக வைத்து மூக்கருகே பிடித்துப் பயிற்சி செய்கிறார். மூன்று மாதமாக எதுவும் வரவில்லை.

அது எப்படிப்பட்ட மூக்கு என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், வேறு யாருக்கோ போகவேண்டிய ஒயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தவறுதலாக இவர் மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் நான் இருக்கும்போதே, "அண்ணே, அதுல ஒரு பாட்டில் ஒழுகுது" என்றார் மேலிருந்து. பெட்டி ஒட்டியபடியே இருந்தது. பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டில் ஒன்றின் தக்கையோரம் ஒரு சொட்டு ஈரம். அந்த மனுஷிதான் இப்போது கறி கருகுகிறதா என்று கணவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையின் குத்தகை டிசம்பரோடு முடிகிறது. தொடர வேண்டுமா, விடுவதா என்று செப்டம்பர் முப்பதுக்குள் பதிவுத் தபாலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் சிரம்பானில் இருக்கும் மார்க்கிரட் அம்மாள். போன், வாட்ஸாப் எதையும் ஏற்றுக்கொள்ளமாட்டார். கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். தொடர்ந்தால் மூன்று வருடம். ஜனகா என்னிடம் கடிதம் எழுதித் தரச் சொன்னார், விடுகிறோம் என்று. காரணம் எழுத வேண்டாம் என்றார். எழுதினேன். தேதி, முகவரி, பொருள், மூன்று பத்தி, நன்றி. அன்று என் பைக்குள் அந்தக் கடிதம் இருந்தது, கையெழுத்துக்காக.

"டிசம்பர் வரைக்கும் வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்ணே. நிரஞ்சனிக்கும் டாக்டருக்கும் முக்கியமா தெரிய வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

ரஞ்சன் ஐஸ் பெட்டியைத் திறந்து, மிச்ச நண்டுக்கும் கணவாய்க்கும் நடுவிலிருந்து முதல் பாட்டிலை உருவினார். துணியால் துடைத்தார். ஃபிரீசரிலிருந்து கிளாஸ்களை எடுத்து வந்தார். வெள்ளையாகப் பனி படிந்து, பீர் கடையில் கொடுப்பது போல இருந்தன. ஊற்றியதும் புகை மாதிரி எழுந்தது.

"சும்மா சொல்லக்கூடாது, பாக்கவே குளுகுளுன்னு இருக்கு" என்றார் டாக்டர்.

முதலாவது மஸ்கடே. பிரான்ஸின் மேற்கே லுவார் ஆறு கடலில் சேரும் பக்கத்திலிருந்து வருவது. எல்லோரும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனோம். நான் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தேன்: நிறம், மணம், புளிப்பு, எந்தக் கறிக்கு. மணம் என்ற கட்டத்தில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. மற்ற இருவரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

"பச்சை ஆப்பிள்" என்றார் ஜனகா. "கொஞ்சம் கடல் காத்து."

"கடல் காத்தா?" டாக்டர் மறுபடி முகர்ந்தார். "எனக்கு ஐஸ்தான் தெரியுது. பல்லு கூசுது. என் பேஷண்டுங்க கஷ்டம் இப்பத்தான் எனக்குப் புரியுது."

"எனக்கும் ஒண்ணும் வரல. தண்ணியில எலுமிச்சை புழிஞ்ச மாதிரி" என்றார் நிரஞ்சனி. "அக்காவுக்கு மட்டும் எப்படி வருது?"

"என் மூக்கு வேற லா."

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். விற்பனைப் பிரிவின் ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதி முந்தின நாள் அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது நான். மெனுவில் போட உதவும் என்றுதான் அனுப்பினேன். 'பச்சை ஆப்பிள், கொஞ்சம் கடல் காற்று' என்னுடைய வரி. நான் தலையைக் குனிந்து என் தாளைப் பார்த்தேன்.

இரண்டாவது பிக்பூல். தெற்கே, சிப்பி வளர்க்கிற ஏரிக்கரையில் விளைவது. ரஞ்சன் ஊற்றினார். கிளாஸ் வெளிப்பக்கம் நீர் கோத்து மேசைத் துணியில் வட்டம் வட்டமாக ஈரம் விழுந்தது. மறுபடி முகர்ந்தோம். மறுபடி ஒன்றும் இல்லை.

"எலுமிச்சைத் தோல்" என்றார் ஜனகா. ஒரு நொடி நிறுத்தி, "வேலம்பூ."

நிரஞ்சனி கிளாஸைக் கீழே வைத்தார். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்திருக்கும்போது அவர் இப்படித்தான் பேனாவைக் கீழே வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "வேலம்பூவா? அக்கா, நீங்க வேலம்பூவ எப்ப பாத்தீங்க?"

"ஏன், பாத்திருக்க மாட்டேனா?"

"செந்தூல்ல பொறந்து பிரிக்பீல்ட்ஸ்ல வாக்கப்பட்டவங்க. எங்க இருக்கு இங்க வேல மரம்? எல்லார் மூக்கும் அடைச்சுப் போயிருக்கு, உங்களுக்கு மட்டும் வேலம்பூ மணக்குதுன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். ரஞ்சன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரஞ்சன் ஐஸ் பெட்டி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ரயில் பாதைப் பக்கம் ஏதோ வண்டி நீளமாக ஹாரன் அடித்தது.

"அண்ணன் எழுதிக் குடுத்த தாள்ல இருந்துச்சு" என்றார் ஜனகா. "மனப்பாடம் பண்ணினேன்."

"எதுக்கு?"

"எனக்கு ஜூன் மாசத்துல இருந்து ஒண்ணும் மணக்காது."

முதலில் வாயைத் திறந்தவர் டாக்டர். "ஆகஸ்ட்ல நான் வந்தேனே. அந்தக் கணவாய்..."

"கையளவு. கண்ணளவு. ரஞ்சன் வந்து மோந்து பாத்துச் சொல்வாரு. இன்னும் ரெண்டு நிமிசம், போதும், கருகுது, எறக்கு. அப்படித்தான் மூணு மாசமா சமைக்கிறேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"இனிமே வந்தா நல்லா இருக்கான்னு யோசிச்சுக்கிட்டே சாப்பிடுவீங்க. அதுக்காகத்தான் சொல்லல."

"நான் ஏன் யோசிக்கப் போறேன்?"

"இப்ப யோசிக்கிறீங்களா இல்லையா, டாக்டர்?"

"யோசிக்கிறேன்தான்" என்றார் அவர். நேர்மையான மனிதர்.

நிரஞ்சனியின் குரல் இறங்கியிருந்தது. "நான் வேலம்பூவ விட்டிருக்கலாம்க்கா."

"விடு. நாளைக்கி வீட்டுக்காரம்மாவுக்கு லெட்டர் போகுது. டிசம்பரோட கடைய விடுறோம். எப்படியும் தெரிய வேண்டியதுதான்."

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. கண்ணில் படாமல் இருந்ததுதான் ஆச்சரியம். ஜனகாவுக்கு மணக்காதது சரி. மற்ற நான்கு பேருக்கும் ஏன் மணக்கவில்லை?

"ரஞ்சன், எப்ப ஐஸ்ல வச்சீங்க?" என்றேன்.

"காலையில எட்டு மணிக்கு. நண்டோட சேத்து. உப்பு போட்ட ஐஸ், சும்மா இல்ல."

"கிளாஸையும் ஃபிரீசர்ல?"

"வெள்ளை ஒயின்னா நல்லா சில்லுன்னு இருக்கணும்னு எல்லாருமே சொல்றாங்க இல்ல?"

"எங்க ஸ்டோர்ல பதிமூணு, பதினாலு டிகிரியிலதான் வச்சிருக்கோம். குடிக்கும்போது அதுக்குக் கொஞ்சம் கீழ. இது மீன் குளிரு. இந்தக் குளிர்ல எந்த ஒயினும் வாயத் தெறக்காது."

டாக்டர் மேசையில் தட்டினார். "அதான் பாத்தேன். ரஞ்சன், ஏழு மணி நேரம் நண்டோட படுக்க வச்சிருக்கீங்க பிரெஞ்சுக்காரன."

இந்த முறை ஜனகாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்தபிறகு மற்றவர்களும் சிரித்தோம்.

நான்கு பாட்டிலையும் வெளியே எடுத்து மேசை நடுவில் வைத்தோம். பனிக் கிளாஸ்களைக் கழுவப் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து சாதாரண கிளாஸ் எடுத்தோம். ஆளுக்கு நான்கு கிளாஸ், நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, முக்கால் மணி நேரம் காத்திருப்பதாக முடிவு. மூன்றாவது தென்மேற்கே கஸ்கோன் பக்கத்து ஒயின், நான்கிலும் விலை குறைந்தது. நான்காவது ஜெர்மனி எல்லையில் அல்சாஸ் பகுதி ரீஸ்லிங். 2016ஆம் வருடத்து அறுவடை, கொஞ்சம் மஞ்சள் ஏறியது. அந்த விலைக்கு அப்படி ஒரு வயதான ஒயின் கிடைப்பது அபூர்வம்.

நான்கு மணிக்கு நிரஞ்சனி கஸ்கோன் கிளாஸை எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது.

"டாக்டர், மூணாவத எடுத்துப் பாருங்க."

டாக்டர் எடுத்தார். "மார்க்கிஸா" என்றார் மெதுவாக. "நம்ம மார்க்கிஸா பழம், பேஷன் ஃப்ரூட். வெட்டி வச்ச மாதிரி."

நானும் எடுத்தேன். பதினான்கு வருடமாக அட்டைப் பெட்டியும் தாளுமாகவே எனக்குத் தெரிந்த ஒன்று, கிளாஸின் விளிம்பிலிருந்து எழுந்து வந்தது. பழம், பிறகு புல், பிறகு என்னவோ ஒரு பூ. முக்கால் மணி நேரத்துக்கு முன் ஊற்றியபோது இதிலும் வெறும் குளிர்தான். அதே பாட்டில். எங்கே இருந்தது இது இவ்வளவு நேரம்? யாரோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கொடியிலிருந்து பறித்தது, கப்பலில் இரண்டு மாதம், மேருவில் எட்டு மாதம் மூடிக் கிடந்து, இந்த மாடியில் திறந்துகொள்கிறது.

மஸ்கடேயில் பச்சை ஆப்பிள் இருந்தது. கடல் காற்றும், சத்தியமாக, இருந்தது. நாங்கள் மூவரும் கிளாஸ் மாற்றிக் கிளாஸ் முகர்ந்து, இது பார், அது பார் என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது ஜனகா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கல்யாண வீட்டைப் பார்ப்பது போன்ற பார்வை. நாங்கள் அடங்கினோம்.

"நீங்க பேசுங்க" என்றார். "எனக்குக் கேக்க நல்லா இருக்கு."

பொழுது போவதற்காகத்தான் அவர் நான்காவது கிளாஸை எடுத்தார். எங்களுக்குத் துணையாக மூக்கருகே கொண்டுபோனார். உடனே கீழே வைத்தார்.

"ரஞ்சன், நீங்க பெட்ரோல் போட்டுட்டு கை கழுவலையா?"

"என்ன?"

"பெட்ரோல். யாரு கையில பெட்ரோல்?"

ரஞ்சன் இரண்டு கையையும் விரித்து முகர்ந்து பார்த்தார். "மீன் நாத்தம்தான் இருக்கு."

ஜனகா கிளாஸை மறுபடி எடுத்தார். "இதுல இருந்து வருது. பெட்ரோல் பம்புல காரை நிறுத்தி ஜன்னல எறக்கினா வருமே, அது."

நிரஞ்சனி தன் நான்காவது கிளாஸை முகர்ந்தார். "எலுமிச்சை. தேன். பெட்ரோல் இல்லக்கா." டாக்டரும் தலையை ஆட்டினார், பிறகு தயங்கித் தயங்கி, "காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும் ஜனகா. இல்லாத வாடை வரும். காப்பி குடிச்சா ரப்பர் எரியிற மாதிரி இருக்கும்பாங்க. நல்ல அறிகுறின்னும் சொல்ல முடியாது" என்றார்.

ஜனகாவின் முகத்தில் ஒரு நிமிடம் எரிந்த வெளிச்சம் அணைந்தது.

நான் என் போனை எடுத்தேன். எங்கள் ஸ்டோரில் திரும்பி வந்த சரக்குக்குத் தனி ஃபைல் உண்டு. அதில் வருகிற ஒவ்வொன்றையும் நான்தான் எழுதுகிறேன். இந்த ரீஸ்லிங்கின் பெயரைப் போட்டுத் தேடினேன். கிடைத்தது.

"இதப் படிக்கிறேன், கேளுங்க" என்றேன். "2021 நவம்பர். ஒரு ஹோட்டல். ஐந்து பெட்டி ரீஸ்லிங் திருப்பி அனுப்பியது. காரணம்: பெட்ரோல் வாடை. 2022 மார்ச். ஒரு கடை. இரண்டு பெட்டி. காரணம்: மண்ணெண்ணெய் போன்ற நெடி. அதுக்கு பிரான்ஸ்ல இருந்து திராட்சைத் தோட்டக்காரர் பதில் எழுதியிருக்காரு. ரீஸ்லிங் வயசானா இந்த மணம் வரும், குறை இல்ல, எங்க ஊர்ல இதத் தேடி வாங்குவாங்கன்னு. பெட்டிங்க திரும்பி வந்ததாலதான் எங்க கம்பெனி நமக்கு விலை எறக்கிக் குடுத்துச்சு. விற்பனைத் தாள்ல அந்த வார்த்தையப் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் ஜனகாவுக்கு அனுப்பின தாள்லயும் இல்ல."

"இல்ல" என்றார் ஜனகா. "எலுமிச்சை, தேன், வெள்ளை பீச் பழம்னு இருந்துச்சு."

நிரஞ்சனி மறுபடி கிளாஸை எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, நீண்ட நேரம் முகர்ந்தார். மூச்சை விட்டார். "இருக்கு" என்றார். "தேனுக்கு அடியில. லேசா. அக்கா சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் வழக்கறிஞர். அதோடு விடவில்லை. ஜனகாவைச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடச் சொன்னார். நான்கு கிளாஸின் அடியிலும் நான் எண் ஒட்டினேன். வரிசையைக் கலைத்து வைத்து, ஜனகாவைத் திருப்பி, கண் மூடியபடியே ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தோம். முதலாவதை முகர்ந்து தள்ளினார். இரண்டாவதைத் தள்ளினார். மூன்றாவதில் நின்றார்.

"இது."

தூக்கிப் பார்த்தேன். நான்கு.

மறுபடி கலைத்தோம். முதல் கிளாஸிலேயே, "இது" என்றார். நான்கு.

மூன்றாம் முறை டாக்டர் ஒரு விரலை உதட்டில் வைத்து எங்களைப் பேசவிடாமல் செய்துவிட்டு, ரீஸ்லிங் கிளாஸை எடுத்து நிரஞ்சனியின் கைப்பைக்குப் பின்னால் மறைத்தார். அந்த இடத்தில் இன்னொரு மஸ்கடேயை வைத்தார். ஜனகா நான்கையும் முகர்ந்தார். திரும்ப முதலிலிருந்து முகர்ந்தார்.

"எதுலயும் இல்ல" என்றார். "டாக்டர், ஒளிச்சு வச்சிட்டீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரஞ்சன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். கடவுள் சன்னிதியில் கதவு திறக்கும்போது வருகிற அமைதி அந்த மேல்மாடிக்கு வந்திருந்தது. வந்தது பெட்ரோல் வாடைக்காக என்று நினைத்தால் சிரிப்பு வரலாம். அங்கே யாருக்கும் வரவில்லை.

நான்காம் முறை ஜனகாவால் சொல்ல முடியவில்லை. களைத்துவிட்டது என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவர் சமையலறைக்குள் ஓடினார். சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நண்டுக் கறி, மத்தியானம் ரஞ்சன் மேற்பார்வையில் வைத்தது. நாங்கள் எங்கள் இடத்திலிருந்தே அந்த மணத்தைப் பிடித்தோம். முருங்கை இலையும் வறுத்த தூளும். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"நண்டு மணக்கல" என்றார். "ஒண்ணுமே இல்ல. சட்டிக்குள்ள தலைய விட்டேன்." ஆனால் சட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இடியப்பமும் சொதியும் வந்தன. "சாப்பிடுங்க. ஆறிடும்."

சாப்பிட்டோம். அவர் ஒரு வாய் நண்டும் ஒரு மடக்கு ரீஸ்லிங்கும் மாற்றி மாற்றி எடுத்தார். சமைக்கிறவர்கள் சாப்பிடுகிற மாதிரி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. பிறகு சொதியில் கொஞ்சம் எடுத்து மஸ்கடேயோடு.

"சொதிக்கு நான் தேசிக்காய்ப் புளி கூட விட்டிருக்கேன். இந்த ஒயினுக்கே புளிப்பு இருக்கு. பாதி போதும்" என்றார். "காரத்துக்கு நாலாவது. கணவாய்க்கு மொதலாவது. ரெண்டாவது வேணாம், அது சண்டை போடுது. மூணாவது வந்து ஒக்காந்ததும் குடுக்கிறதுக்கு."

"மணம் இல்லாமயா இத்தனையும் சொல்றீங்க?" என்றார் நிரஞ்சனி.

"நாக்கு இருக்கே."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் பதினான்கு வருடத்துத் தாள்களில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ரஞ்சன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜனகாவைப் பார்த்தார். "லெட்டர்?"

"அண்ணே, எடுங்க" என்றார் ஜனகா. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கை கழுவிவிட்டு வந்து, கடைசிவரை படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது வேணாம். வேற எழுதுங்க. ஒரு வருசம்."

"மூணு வருசம்தானே அவங்க தருவாங்க?"

"ஒரு வருசம் கேளுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"ஜனகா" என்றார் ரஞ்சன், மெதுவாக. "ஒரே ஒரு வாடை. அதும் பெட்ரோல். அத நம்பியா?"

"நேத்து வரைக்கும் சைபர். இன்னைக்கி ஒண்ணு. டாக்டர், ஒரு பல்லு முளைச்சா மத்தது முளைக்குமா?"

"பிள்ளைங்களுக்கு முளைக்கும்" என்றார் டாக்டர். "நம்ம வயசுக்கு நான்தான் வைக்கணும்."

"அப்ப வராட்டியும் இந்த ஒரு வருசம் சமைப்பேன். ஆனா ஒளிச்சு இல்ல. வர்றவங்ககிட்ட மொதல்லயே சொல்லிடுவேன்."

"சொன்னா வரமாட்டாங்க சிலர்" என்றார் ரஞ்சன்.

"வராட்டி வேணாம். இனி வேலம்பூ எனக்கு முடியாது."

நிரஞ்சனி, "புதன்கிழமை ஆறு பேர் வர்றோம். எழுதி வச்சுக்குங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் ஒரு வருசம்னு காரணம் கேட்டா என்ன எழுதுவீங்க?" என்றார்.

"உடல்நிலை காரணமாகன்னு எழுதலாம்."

"இல்லண்ணே" என்றார் ஜனகா. "உண்மைய எழுதுங்க. மார்க்கிரட் அம்மாவும் சமைக்கிறவங்கதானே."

மறுநாள் திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டேன். காலை ஒன்பது மணிக்கு, அதே மேசையில், கறை படிந்த துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். தேதி. முகவரி. பொருள்: குத்தகையை ஓராண்டுக்குப் புதுப்பிக்க வேண்டுகோள். முதல் பத்தியில் வாடகை ஒழுங்காகக் கட்டப்பட்டு வருவதைச் சொன்னேன். இரண்டாம் பத்தியில், ஜூன் மாதத்திலிருந்து எனக்கு மணம் தெரிவதில்லை, நேற்று ஒரு மணம் தெரிந்தது, ஆகவே மூன்று ஆண்டுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை, விட்டுவிடவும் மனமில்லை என்று அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு இரண்டாம் பத்தியை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டு ஒருமுறை படித்தேன். ஒரு வார்த்தையும் மாற்றத் தோன்றவில்லை.

"என்ன மணம்னு கேட்டா?" என்றார் ரஞ்சன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கேக்கட்டும். வந்து குடிச்சுப் பாக்கட்டும்" என்றார் ஜனகா.

கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை காத்திருந்து மூன்றாக மடித்தேன். உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்டினேன். மூவரும் நடந்தே தபால் நிலையம் போனோம். வரிசையில் எங்களுக்கு முன் நான்கு பேர். முறை வந்ததும் கவுண்டர் பெண் உறையை எடை போட்டு, பதிவு எண் ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரை குத்தினாள்.

"சிரம்பான், நாளை மறுநாள் போயிடும் அங்கிள்" என்று மலாயில் சொல்லிவிட்டு, உறையைப் பின்னால் இருந்த சாம்பல் நிறத் தொட்டிக்குள் போட்டாள்.